மைலேஜ் ஏறுகிறது, பசி போகிறது, எடை அசையவில்லை

நவம்பர் கடைசி என்று வைத்துக்கொள்வோம். ஜனவரியில் சென்னை மாரத்தான். முழு மாரத்தானுக்குப் பெயர் கொடுத்தாயிற்று என்று, வாரத்துக்கு 40 கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்தவர் ஒரே மாதத்தில் 70க்கு வந்துவிட்டார். அலாரம் நாலேகாலுக்கு வைத்திருக்கிறார். இரண்டரைக்கே விழிப்புத் தட்டிவிடுகிறது. ஓடி முடித்து வந்தால் ஒரு டம்ளர் காபியைத் தவிர எதுவும் உள்ளே இறங்குவதில்லை. ஆபீஸுக்குக் கொண்டுபோன டிபன் பாக்ஸ் பாதி சாப்பாட்டோடு திரும்பி வருகிறது. ராத்திரி ஒன்பதரைக்கு மேல் மிக்சர் பொட்டலம் ஒன்று காலியாகிறது. போன மாதம் பேசிக்கொண்டே ஓடிய வேகத்தில் இப்போது மூச்சு வாங்குகிறது. எடை மெஷின் மட்டும் அதே எண்ணைக் காட்டுகிறது. சில வாரங்களில் ஒரு கிலோ கூடவே காட்டுகிறது.

இந்த இடத்தில் பலரும் எடுக்கிற முடிவு ஒன்றுதான்: இன்னும் கொஞ்சம் ஓடணும், இன்னும் கொஞ்சம் குறைச்சுச் சாப்பிடணும். அளவு மீறிய பயிற்சியில் மாட்டியவரை மேலும் ஆழத்துக்குத் தள்ளுவது இந்த முடிவுதான். மேலே சொன்ன ஒவ்வொரு அறிகுறியும் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால், அந்த முடிவை யாரும் எடுக்கமாட்டார்கள்.

எது வெறும் களைப்பு, எது அதற்கு மேல்

பயிற்சி என்றாலே களைப்பு உண்டு. உடம்பைக் கொஞ்சம் இறக்கி, ஓய்வு கொடுத்து, முன்பைவிட மேலே ஏற்றுவதுதான் அதன் வழி. 2013இல் ஐரோப்பிய விளையாட்டு அறிவியல் கல்லூரியும் அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரியும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை இதை மூன்று படிகளாகப் பிரிக்கிறது. முதல் படியில் சில நாளோ இரண்டொரு வாரமோ ஓய்வெடுத்தால் வேகம் திரும்பும். முன்பைவிட நன்றாகவே ஓட வரும். இரண்டாவது படியில் திரும்புவதற்கு வாரங்கள் முதல் மாதங்கள் வரை ஆகும், லாபமும் எதுவும் இருக்காது. மூன்றாவதுதான் உண்மையான மிகைப்பயிற்சி நோய்க்குறி. அதிலிருந்து மீள மாதக்கணக்கில் ஆகும். சிலருக்கு வருடத்தைத் தாண்டும்.

நீங்கள் எந்தப் படியில் இருக்கிறீர்கள் என்பதை ஓய்வெடுத்துப் பார்த்தால்தான் தெரியும். ரத்தப் பரிசோதனையில் "இதுதான்" என்று காட்டும் ஒற்றை எண் இன்றுவரை கிடையாது. "அட்ரீனல் சுரப்பி களைத்துவிட்டது" என்று சொல்லி மாத்திரை விற்பவர்களை நம்ப வேண்டாம். அப்படி ஒரு நோயை நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்கள் ஏற்றுக்கொள்வதே இல்லை.

இதோடு பின்னிக் கிடக்கும் இன்னொன்றும் உண்டு. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014இல் அதற்கு ஒரு பெயர் வைத்தது. சுருக்கமாக ரெட்-எஸ் என்பார்கள். பயிற்சிக்கு ஏற்ற சாப்பாடு இல்லாததால் உடம்பு மொத்தமும் இயக்கத்தைக் குறைத்துக்கொள்ளும் நிலை அது. மிகைப்பயிற்சிக்கும் இதற்கும் அறிகுறிகள் பெரும்பாலும் ஒன்றுதான். ஒன்றை மற்றொன்று என்று எடுத்துக்கொள்வது சர்வசாதாரணம். என் கருத்தைக் கேட்டால், நம் ஊரில் பொழுதுபோக்குக்காக ஓடுபவர்களிடம் "ஓவர் டிரெயினிங்" என்று சொல்லப்படுவதில் பெரும்பங்கு, ஓட்டத்துக்கு ஈடாகச் சாப்பிடாததுதான்.

பசி எங்கே போகிறது

கடுமையாக ஓடும்போது ரத்தம் கால் தசைகளுக்கும் தோலுக்கும் பாய்கிறது; குடலுக்குப் போகும் ரத்தம் வெகுவாகக் குறைகிறது. இரைப்பையில் சுரந்து மூளைக்கு "சாப்பிடு" என்று சொல்லும் கிரெலின் என்ற ஹார்மோன் இறங்குகிறது. "போதும்" என்று சொல்லும் பிஒய்ஒய், ஜிஎல்பி-1 இரண்டும் ஏறுகின்றன. 2022இல் இன்னொரு மூலக்கூறின் பங்கும் தெரியவந்தது. கடும் உழைப்பில் தசையில் உண்டாகும் லாக்டேட்டும் ஃபினைல்அலனின் என்ற அமினோ அமிலமும் சேர்ந்து உண்டாகும் அது, கொழுத்த எலிகளுக்குக் கொடுத்தபோது அவற்றின் தீனியைக் குறைத்தது. மனிதர்களின் ரத்தத்திலும் கடும் உழைப்புக்குப் பிறகு அது ஏறுகிறது, குறிப்பாக ஸ்பிரின்ட் ஓட்டத்துக்குப் பிறகு. மெதுவாக நடந்துவிட்டு வருபவருக்கு நன்றாகப் பசிப்பதும், இன்டர்வல், அதாவது இடைவெளி விட்டு விட்டு வேகமாக, ஓடிவிட்டு வருபவருக்கு இட்லியைப் பார்த்தாலே குமட்டுவதும் இதனால்தான். வெயிலும் புழுக்கமும் பசியை இன்னும் அமுக்கும்.

இந்த அடக்கம் ஒன்றிரண்டு மணி நேரத்தில் தீர்ந்துவிட வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் இப்படி ஆனால் உடம்பு மற்ற வேளைகளில் ஈடுகட்டிக்கொள்ளும். வாரத்தில் ஆறு நாளும் கடுமையாக ஓடி, ஒவ்வொரு முறையும் பசி வரும் நேரத்தில் ஆபீஸ் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தால், ஈடுகட்டும் வேளை ராத்திரிக்குத் தள்ளிப்போகிறது. அதற்குள் ஆற்றல் கணக்கு பெரிய பள்ளத்தில் விழுந்திருக்கும்.

அந்தப் பள்ளத்தை எண்ணில் பார்ப்போம். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு உடல் கொழுப்பு 18 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், கொழுப்பு நீங்கிய எடை சுமார் 49 கிலோ. சமதளத்தில் ஓட, ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோகலோரி செலவாகும். அப்படியானால் 15 கிலோமீட்டருக்கு 900. அவர் அன்றைக்குச் சாப்பிட்டது 2,000 கிலோகலோரி. அதில் ஓட்டத்துக்குப் போன 900ஐக் கழித்தால் மிச்சம் 1,100. இதயம், மூளை, கல்லீரல், நோய் எதிர்ப்பு, எலும்பு, ஹார்மோன் எல்லாவற்றுக்கும் அவ்வளவுதான். 1,100ஐ 49ஆல் வகுத்தால் 22 வருகிறது. இந்த எண்ணுக்கு ஆற்றல் இருப்பு என்று பெயர்.

45 இருந்தால் உடம்பு நிம்மதியாக இயங்கும். 30க்குக் கீழே போனால் விஷயம் வேறு. 2003இல் வெளியான ஓர் ஆய்வில் இளம்பெண்களை ஐந்தே நாள் 30க்குக் கீழே வைத்தபோது, மாதவிடாய்ச் சுழற்சியை நடத்தும் எல்எச் ஹார்மோன் சுரக்கும் தாளமே மாறிப்போனது. 30 என்பது எல்லோருக்கும் பொருந்தும் கறாரான கோடு அல்ல. ஆண்களுக்கு அது இன்னும் தாழ்வாக இருக்கலாம் என்ற எண்ணம் உண்டு. ஆனாலும் 22இல் வாரக்கணக்கில் ஓடுவது யாருக்கும் நல்லதில்லை.

நம் ஆளை 45க்குக் கொண்டுவர 49ஐ 45ஆல் பெருக்கி 900ஐக் கூட்ட வேண்டும்: சுமார் 3,100 கிலோகலோரி. இப்போது சாப்பிடுவதைவிட 1,100 அதிகம். பசி இல்லாதவரிடம் "ரெண்டு தட்டு சாதம் கூட சாப்பிடு" என்றால் நடக்காது. சின்னச் சின்னதாகத்தான் ஏற்ற வேண்டும். ஓடப் போகும் முன் ஒரு வாழைப்பழம், வந்ததும் ஒன்று: 200. ஒரு டம்ளர் பால்: 130. ஒரு கைப்பிடி வேர்க்கடலை, அதாவது 30 கிராம்: 170. இரண்டு முட்டை: 150. மதியம் தயிர்ச்சாதத்தில் 150 கிராம் சோறு கூடுதல்: 200. பருப்பு சாதத்தில் இரண்டு டீஸ்பூன் நெய்: 90. சாயங்காலம் 30 கிராம் கடலை மிட்டாய்: 150. கூட்டினால் 1,090 வருகிறது. எதுவும் வயிற்றை முட்டவில்லை, எதற்கும் தனியாக அடுப்பு மூட்ட வேண்டியதில்லை. முட்டை சாப்பிடாதவர்கள் அந்த இடத்தில் ஒரு கப் சுண்டல் வைத்துக்கொள்ளலாம்.

ஓடி முடித்த முதல் ஒரு மணி நேரத்தில் மென்று சாப்பிட முடியவில்லையென்றால் குடித்துவிடுங்கள். பாலில் வாழைப்பழமும் இரண்டு பேரீச்சையும் போட்டு அடித்தால் குமட்டல் உள்ளவருக்கும் இறங்கும். வெறும் காபி மட்டும் வேண்டாம். அது இருக்கிற கொஞ்சநஞ்சப் பசியையும் அமுக்கி, மதியம் வரை இழுத்துவிடும்.

மாவுச்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். எடை குறைய வேண்டும் என்று சோற்றை நிறுத்திவிட்டு மாரத்தான் பயிற்சி செய்பவர்கள் பெருகிவிட்டார்கள். நாளுக்கு ஒரு மணி நேரம் ஓடுபவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 5 முதல் 7 கிராம் மாவுச்சத்து வேண்டும். ஒன்று முதல் மூன்று மணி நேரம் என்றால் 6 முதல் 10 கிராம். 60 கிலோ ஆளுக்குக் குறைந்தது 300 கிராம். வெந்த சோறு 100 கிராமில் சுமார் 28 கிராம்தான் இருக்கிறது. நாளுக்கு இரண்டு சப்பாத்தியும் ஒரு கிண்ணம் பொரியலும் என்று இருப்பவர் இந்தக் கணக்கின் பக்கத்தில்கூட வரமாட்டார். மொத்தக் கலோரி சரியாக இருந்து மாவுச்சத்து மட்டும் குறைந்தாலும் மிகைப்பயிற்சியின் அறிகுறிகள் தலைகாட்டும்.

மூளையில் நடப்பது

கால்தான் களைக்கிறது என்று நினைக்கிறோம். மிகைப்பயிற்சியில் முதலில் அடிபடுவதில் மூளையும் ஒன்று.

பிரான்சில் நடந்து 2019இல் வெளியான ஆய்வு இதை நன்றாகக் காட்டுகிறது. பழகிய 37 ஆண் தாங்குதிறன் வீரர்களை எடுத்துக்கொண்டு, ஒரு பகுதியினருக்கு மூன்று வாரம் பயிற்சியை 40 சதவீதம் கூட்டினார்கள். மற்றவர்கள் வழக்கம்போல் பயிற்சி செய்தார்கள். பிறகு ஸ்கேனருக்குள் படுக்கவைத்து, "இப்போதே கொஞ்சம் பணம் வேண்டுமா, பொறுத்திருந்து அதிகம் வேண்டுமா" என்ற மாதிரி கேள்விகள். அதிகப் பயிற்சி செய்தவர்கள் உடனே கிடைப்பதை அதிகமாகத் தேர்ந்தெடுத்தார்கள். முடிவெடுக்கும்போது தன்னைக் கட்டுப்படுத்த உதவும் முன்நெற்றிப் பகுதியின் பக்கவாட்டில் செயல்பாடு குறைந்திருந்தது. நாளெல்லாம் கடினமான மூளை வேலை செய்தவர்களிடம் அதே குழுவினர் முன்பு பார்த்த அதே மாதிரிக் களைப்பு இது.

அந்த ஆய்வில் கேட்டது பணத்தைப் பற்றி, மிக்சரைப் பற்றி அல்ல. ஆனால் காலையிலிருந்து பள்ளத்தில் கிடக்கும் உடம்பு, ராத்திரி ஒன்பதரைக்குக் களைத்த முன்நெற்றி, கைக்கெட்டும் தூரத்தில் பொட்டலம் என்று மூன்றும் சேரும்போது என்ன ஆகும் என்று ஊகிப்பது கடினமில்லை. அதைப் "வாயைக் கட்டத் தெரியவில்லை" என்று திட்டிக்கொள்வது அநியாயம். அதே மூளைதான் ஓட்டத்தின் நடுவே "போதும், நின்றுவிடு" என்றும் சொல்கிறது. போன மாதம் பத்துக்கு ஐந்து சிரமமாக இருந்த வேகம் இப்போது பத்துக்கு எட்டாகத் தெரிகிறது.

இன்னும் ஆழத்தில் ஹைப்போதலாமஸ் இருக்கிறது. ஒரு பாதாம் பருப்பளவுதான். பசி, உடல் வெப்பம், தூக்கம், மன அழுத்தம், இனப்பெருக்கம் எல்லாம் அதன் பொறுப்பு. கொழுப்புச் செல்களிலிருந்து வரும் லெப்டின், உள்ளே இருப்பு எவ்வளவு என்ற செய்தியை அதற்குக் கொண்டுபோகிறது. கொழுப்பு கண்ணுக்குத் தெரியக் குறைவதற்கு முன்பே, சாப்பாடு குறைந்த சில நாளில் லெப்டின் இறங்கிவிடும். உடனே ஹைப்போதலாமஸ் செலவைக் குறைக்கிறது. தைராய்டு ஹார்மோனான டி3 இறங்குகிறது. கை கால் குளிர்கிறது. பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போகிறது. ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் குறைந்து தாம்பத்திய நாட்டம் மங்குகிறது. மூன்று மாதம் தொடர்ந்து மாதவிடாய் வரவில்லையென்றால் "ஓடுறதால அப்படித்தான்" என்று விடக்கூடாது. எலும்பு அந்த மாதங்களில்தான் கரைகிறது. முன்கால் எலும்பில் விரிசல் பிறகு வருகிறது.

ஹைப்போதலாமஸிலிருந்து பிட்யூட்டரிக்கும் அங்கிருந்து அட்ரீனலுக்கும் போகும் கட்டளைத் தொடரும் மந்தமாகிறது. முற்றிய மிகைப்பயிற்சியில் அட்ரீனல் சுரப்பி நன்றாகவே இருக்கும். மேலிருந்து வரும் கட்டளைதான் பலவீனமாகியிருக்கும். பிரேசிலில் நடந்த ஆய்வுகளில், மிகைப்பயிற்சியில் விழுந்த வீரர்களுக்கு ரத்தச் சர்க்கரையை வேண்டுமென்றே இறக்கிப் பார்த்தபோது, ஆரோக்கியமான வீரர்களுக்கு ஏறிய அளவுக்கு அழுத்த ஹார்மோனான கார்டிசாலும் வளர்ச்சி ஹார்மோனும் ஏறவில்லை. காலையில் எழுந்ததும் ஓடப் பிடிக்காமல் போவது, சின்ன விஷயத்துக்கெல்லாம் வீட்டில் சிடுசிடுப்பது, முன்பு ரசித்ததில் ருசி போவது எல்லாம் இந்த மாற்றங்களோடு சேர்ந்தே வருகின்றன. மனச்சோர்வு நோய்க்கும் இதற்கும் உள்ள ஒற்றுமை அதிகம். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரைப் பார்ப்பதே சரி.

எடை ஏன் மூன்று திசையிலும் போகிறது

சிலருக்கு எடை இறங்கும். பசி அடங்கியே இருக்கிறது, சாப்பாடு ஏறவில்லை. தொடக்கத்தில் பார்ப்பவர்கள் பாராட்டுவார்கள். ஆனால் இறங்குவதில் தசையும் இருக்கிறது. முகம் ஒட்டிப்போய், தொடை சிறுத்து, வேகமும் குறைந்தால் அது கொழுப்பு மட்டும் கரைந்த கணக்கு இல்லை.

பலருக்கு எடை நிற்கும். இதற்குப் பின்னால் இரண்டு விஷயம். ஒன்று, செலவு எதிர்பார்த்த அளவு ஏறுவதில்லை. உழைப்பைக் கூட்டக் கூட்ட ஒரு கட்டத்துக்கு மேல் மொத்த ஆற்றல் செலவு அதே விகிதத்தில் கூடாமல் தட்டையாகிறது என்று மானுடவியலாளர் ஹெர்மன் பான்ட்சர் குழுவின் 2016 ஆய்வு காட்டியது. உடம்பு மற்ற இடங்களில் மிச்சம் பிடிக்கிறது. ஞாயிறு லாங் ரன் முடித்தவர் அன்று முழுக்க சோபாவை விட்டு எழுந்திருக்கமாட்டார், லிஃப்ட்டில்தான் போவார். இரண்டாவது, தண்ணீர். அடிபட்ட தசை நீரைப் பிடித்து வைக்கும். நீண்ட ஓட்டத்துக்கு அடுத்த இரண்டு மூன்று நாள் எடை ஒரு கிலோ கூடுவது அதனால்தான். கொழுப்பு குறைந்திருந்தாலும் மெஷினில் தெரியாது.

இன்னும் சிலருக்கு ஏறும். அரைகுறைத் தூக்கம் இதில் பெரிய பங்காளி. சிகாகோ பல்கலைக்கழகத்தில் 12 இளைஞர்களை இரண்டே இரவு நாலு மணி நேரம் மட்டும் படுக்கவைத்துப் பார்த்தார்கள். 2004இல் வெளியான முடிவு. பத்து மணி நேரம் படுத்திருந்த நாட்களோடு ஒப்பிட்டால் லெப்டின் 18 சதவீதம் குறைந்திருந்தது, கிரெலின் 28 சதவீதம் கூடியிருந்தது. இனிப்பு, உப்புப் பண்டம், மாவுப் பண்டம் மேல்தான் ஆசை அதிகமானது. இரண்டரைக்கு விழிப்புத் தட்டும் நம் ஓட்டக்காரர் இந்த நிலையில் வாரக்கணக்கில் இருக்கிறார்.

சர்க்கரையை எரிக்கும் திறனும் கெடலாம். 2021இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் ஆரோக்கியமான 11 பேருக்குக் கடும் இன்டர்வல் பயிற்சியை வாரத்துக்கு வாரம் கூட்டினார்கள்: முதல் வாரம் மொத்தம் 36 நிமிடம், இரண்டாவது வாரம் 90, மூன்றாவது வாரம் 152. முதல் இரண்டு வாரம் எல்லாம் மேலே போனது. மூன்றாவது வாரத்தில் தசைச் செல்களில் ஆற்றலைத் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் செயல்திறன் சரிந்தது. குளுக்கோஸ் கொடுத்துப் பார்த்தபோது உடம்பு அதைச் சரியாகக் கையாளவில்லை. பயிற்சியைக் குறைத்ததும் பெருமளவு திரும்பியது. பிரேசில் ஆய்வில், மிகைப்பயிற்சியில் இருந்த வீரர்கள் மற்ற வீரர்களைவிடக் குறைவாகச் சாப்பிட்டும் அவர்களுடைய உடல் கொழுப்பு அதிகமாகவும் தசை குறைவாகவும் இருந்தது. குறைத்துச் சாப்பிட்டு அதிகம் ஓடினால் மெலியலாம் என்ற கணக்கு அந்த இடத்தில் முழுசாகத் தலைகீழாகிறது.

ஒரே மொத்தம், இரண்டு வாரம்

எவ்வளவு ஓடினோம் என்பதைவிட எப்படிப் பிரித்து ஓடினோம் என்பது முக்கியம். உடற்பயிற்சி ஆய்வாளர் கார்ல் ஃபாஸ்டர் கொண்டுவந்த எளிய முறை ஒன்று இருக்கிறது. ஜிபிஎஸ் கடிகாரம்கூட வேண்டாம், ஒரு நோட்டுப் போதும். ஓடி முடித்து அரை மணி நேரம் கழித்து, மொத்தத்தில் எவ்வளவு சிரமமாக இருந்தது என்று 0 முதல் 10 வரை ஒரு மதிப்பெண் போடுங்கள். ஓடிய நிமிடத்தை அதால் பெருக்குங்கள். 60 நிமிடம், சிரமம் 5 என்றால் 300. அது அன்றைய சுமை.

ஏழு நாள் சுமையின் சராசரியை அவற்றின் திட்ட விலக்கத்தால், அதாவது சுமை நாளுக்கு நாள் எவ்வளவு மாறுகிறது என்ற அளவால், வகுத்தால் வருவது சலிப்பு எண். இரண்டைத் தாண்டினால் எச்சரிக்கை.

ஒருவரின் வாரம்: 300, 360, 300, 360, 300, 360, 420. மொத்தம் 2,400. எந்த நாளும் கொடூரமாகத் தெரியவில்லை. சராசரி 343, திட்ட விலக்கம் 45, சலிப்பு எண் ஏழரைக்கு மேல்.

இன்னொருவர்: திங்கள் ஓய்வு. செவ்வாய் இன்டர்வல், 60 நிமிடம், சிரமம் 8, சுமை 480. புதன் 50 நிமிட ஈஸி ரன், சிரமம் 3, சுமை 150. வியாழன் மறுபடி 480. வெள்ளி ஓய்வு. சனி 150. ஞாயிறு லாங் ரன், 190 நிமிடம், சிரமம் 6, சுமை 1,140. மொத்தம் அதே 2,400. சலிப்பு எண் 0.85தான்.

முதலாமவர் தினமும் நடுத்தரச் சிரமத்தில் ஓடுகிறார். மெதுவாக ஓட வேண்டிய நாளில் வாட்ஸ்அப் குழுவில் பேஸை (கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம் என்பதை) போட வேண்டியிருக்கிறது என்று கொஞ்சம் வேகமாக ஓடிவிடுகிறார். வேகமாக ஓட வேண்டிய நாளில் கால் வரவில்லை. இறங்குகிற பசி ஏறுவதற்கு ஒரு நாளும் இடைவெளி இல்லை. ஈஸி ரன்னில் முழு வாக்கியம் பேச முடியவில்லையென்றால் அது ஈஸி ரன் இல்லை. அந்த நாளில் ஈகோவை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

எதைப் பார்த்துக் கண்டுபிடிப்பது

காலையில் படுக்கையை விட்டு எழும் முன் ஒரு நிமிடம் நாடியை எண்ணி எழுதுங்கள். நன்றாக இருக்கும் ஒரு வாரத்தின் சராசரியைவிட மூன்று நாள் தொடர்ந்து ஐந்துக்கு மேல் கூடியிருந்தால் கவனியுங்கள். ஆனால் நாடியை மட்டும் நம்ப முடியாது. நீண்ட தூர ஓட்டக்காரர்களில் சிலருக்கு அது வழக்கத்தைவிடக் குறையும். முழுமூச்சாக ஓடினாலும் பழைய உச்சத்துக்கு ஏறாது. அதனால் பக்கத்தில் மூன்று பத்தி போட்டுக்கொள்ளுங்கள்: தூக்கம் எத்தனை மணி, காலைப் பசி பத்துக்கு எவ்வளவு, மனநிலை பத்துக்கு எவ்வளவு. இவற்றில் முதலில் சரியும் பத்தி பசிதான் என்று நினைக்கிறேன். அதையே யாரும் எழுதி வைப்பதில்லை. எடையை வாரச் சராசரியாக மட்டும் பாருங்கள்.

மிகைப்பயிற்சி என்று முடிவு கட்டும் முன் வேறு காரணங்களை விலக்க வேண்டும். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (இரும்புச்சத்து இருப்பு), டிஎஸ்எச் (தைராய்டு), பி12, வைட்டமின் டி, எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரை) இவற்றைப் பார்த்துவிடுங்கள். அசைவம் தொடாதவர்களுக்கு பி12, பெண்களுக்கு ஃபெரிட்டின் என்று இரண்டும் அடிக்கடி மாட்டும். பசியின்மை, எடைக் குறைவு, சாயங்காலக் காய்ச்சல், இரவு வியர்வை, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும். காசநோயைப் பயிற்சிக் களைப்பு என்று நினைத்து ஓடிக்கொண்டிருக்கக் கூடாது. அரசு மருத்துவமனையில் அந்தப் பரிசோதனை இலவசம்.

ரத்தம் கொடுப்பதற்கு முந்தைய இரண்டு மூன்று நாள் ஓடாதீர்கள். கடும் ஓட்டத்துக்குப் பிறகு தசையிலிருந்து கசியும் சிகே, எஸ்ஜிஓடி என்ற நொதிகள் இரண்டும் எகிறியிருக்கும். எஸ்ஜிஓடியைப் பார்த்துவிட்டு ஈரல் கோளாறு என்று அலைய நேரும். ஓடுபவர் என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மீள்வது

முதல் இரண்டு வாரம் ஓட்டம் கிடையாது. மாலையில் அரை மணி நேர நடை போதும். நாலேகால் அலாரத்தை அணைத்துவிடுங்கள். காபி மதியம் இரண்டு மணிக்கு மேல் வேண்டாம். சாப்பாட்டை மட்டும் குறைக்கக் கூடாது. "ஓடலையே, எதுக்குச் சாப்பிடணும்" என்ற நினைப்பு வரும். பள்ளத்தை மேடாக்குவதற்குத்தான் அந்தச் சாப்பாடு.

இந்த இரண்டு வாரத்தில் இரண்டு விஷயம் பயமுறுத்தும். முதலாவது எடை. காலியாகிக் கிடந்த தசையில் மாவுச்சத்து கிளைக்கோஜனாகச் சேரும்போது ஒரு கிராமுக்குச் சுமார் மூன்று கிராம் தண்ணீரையும் கூட்டிக்கொண்டு வரும். 400 கிராம் சேர்ந்தால் 1,200 கிராம் தண்ணீர். ஒரே வாரத்தில் 1.6 கிலோ. இதில் கொழுப்பு எதுவும் இல்லை. ஒரு கிலோ கொழுப்பு சேர ஏறத்தாழ 7,700 கிலோகலோரி உபரியாக வேண்டும். ஒரு வாரத் தயிர்ச்சாதத்தில் அது நடக்காது. இந்த 1.6 கிலோவைப் பார்த்துப் பதறி ஆறாம் நாளே மறுபடி ஓடப் போகிறவர்கள் ஏராளம்.

இரண்டாவது பசி. சில நாள் ஓய்வெடுத்ததும் அடங்கிக் கிடந்தது அணை உடைந்த மாதிரி வரும். 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் உடலியல் ஆய்வாளர் ஏன்செல் கீஸ் 36 இளைஞர்களை ஆறு மாதம் அரைப் பட்டினியில் வைத்தார். வாரத்துக்கு 35 கிலோமீட்டர் நடையும் உண்டு. எடையில் கால் பங்கு போனது. சாப்பாடு திரும்பிய பிறகு சிலர் வயிறு முட்டச் சாப்பிட்டும் இன்னும் பசிக்கிறது என்றார்கள். மூளை இழந்ததை மீட்கும்வரை அப்படித்தான் இருக்கும். மூன்று வேளை, இரண்டு சிற்றுண்டி என்று நேரம் தவறாமல் கொடுத்தால் ராத்திரி மிக்சர் தானாகக் குறையும். காலையில் பட்டினி போட்டுச் சரிக்கட்டப் பார்த்தால் அது ராத்திரிக்கு இரண்டு மடங்காகத் திரும்பும்.

மூன்றாம் வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள், 20 நிமிடம், சிரமம் மூன்றைத் தாண்டாமல். கடிகாரத்தில் பேஸ் தெரியாமல் செய்துவிடுங்கள். காலைப் பசியும் தூக்கமும் நன்றாக இருந்தால் வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டலாம். இரண்டில் ஒன்று சரிந்தால் அந்த வாரம் அப்படியே நிற்கட்டும். வேகத்தைக் கடைசியில்தான் தொட வேண்டும். தொடர்ந்து மூன்று வாரம் நோட்டில் எல்லாப் பத்தியும் சீராக இருந்தபின் ஒரே ஒரு டெம்போ, அதாவது ஓரளவு வேகத்தைச் சீராகப் பிடித்து ஓடும் ஓட்டம்.

ஜனவரி ஓட்டத்தை என்ன செய்வது என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. ஆறு வாரம் இருக்கும்போது நிறுத்தி, இரண்டு வார ஓய்வில் பசியும் தூக்கமும் திரும்பி, மூன்றாம் வார 20 நிமிட ஓட்டம் உண்மையிலேயே லேசாக இருந்தால், நீங்கள் முதல் படியில் இருந்தவர். அரை மாரத்தானுக்கு மாற முடிந்தால் மாறி, மெதுவாக ஓடலாம். அந்த 20 நிமிடமே கனத்தால், முழு மாரத்தானுக்குக் கட்டிய பணத்தை மறந்துவிடுங்கள். அன்று காலை தண்ணீர் கொடுக்கும் ஸ்டாலில் போய் நில்லுங்கள். அங்கே எப்போதும் ஆள் பற்றாக்குறைதான்.